சுவரில் எழுதிய பெயர்கள்

லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துச் சுவர் ஒன்றில் ஒரு தெருவின் பெயரும், அதனடியில் 13 என்னும் எண்ணும் கறுப்பு வண்ணத்தில் எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். வழிப்போக்கனுக்கு அது வெறுங்கிறுக்கல். அத்தெருவில் வளர்ந்த சிறுவனுக்கோ அது எல்லைக்கல். வேற்று மாநிலத்தில் குடியேறி, பேருந்துப் பலகையை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்த நேயர்களுக்கு இவ்வேறுபாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

இவ்வெழுத்தின் வரலாறு, மெக்சிகோவிலிருந்து வந்தோர் குடியேறிய கிழக்குப் பேட்டைகளைச் சார்ந்தது. வண்ணம் தெளிக்கும் குப்பி தோன்றியது 1949-இல். அதற்கு முன்னர் குச்சியைத் தாரில் தோய்த்தே எழுதி வந்தனர். 1943 ஜூன் மாதத்தில் கடற்படையினரும் பிற போர்வீரரும் அந்நகரத் தெருக்களிற் புகுந்து, தொளதொளத்த உடையணிந்த மெக்சிக இளைஞரை அடித்து, அவ்வுடையை உரித்தெறிந்தனர். அடிபட்டோரையே காவலர் சிறையிலடைத்தனர். இத்தகைய ஊரில் தன் பெயரைச் சுவரிற் பொறிப்பவன் வண்ணத்தை மட்டும் செலவிடவில்லை என்பது என் கருத்து.

அவ்விளைஞர் தம் எழுத்துக்கு இட்ட பெயர் 'பிளாக்கா'. ஸ்பானிய மொழியில் அதற்குத் தகடு, சின்னம் என்று பொருள். அவர்தம் கொச்சையில் காவல்துறையையும் அச்சொல்லே குறிக்கும். எழுத்தின் வடிவமும் எளியதன்று. நாளிதழ்த் தலைப்புகளிலும் பட்டயங்களிலும் காணும் பழைய கோண எழுத்தை அவர்கள் தமதாக்கிக்கொண்டனர். கும்பலின் பெயர் நடுவில் பெரிதாக நிற்கும். அதன்கீழ் உறுப்பினரின் பட்டப்பெயர்கள், பள்ளி வருகைப்பதிவேடு போல வரிசையாக வரும். 'ரிஃபா' என்றால் 'ஆள்கிறோம்' என்பது கருத்து.

எண்களுக்கும் பொருளுண்டு. ஆங்கில நெடுங்கணக்கில் 13-ஆவது எழுத்து 'எம்'. 1957-இல் கலிபோர்னியச் சிறையொன்றில் தோன்றிய மெக்சிகன் மாஃபியாவுக்குத் தென்பகுதிக் கும்பல்கள் காட்டும் விசுவாசத்தை அது உணர்த்தும். வடபகுதியார் 14 என்று எழுதுவர், அது 'என்'. 187 என்பது அம்மாநிலக் குற்றச் சட்டத்தில் கொலையைக் கூறும் பிரிவு. ஒரு பெயரின்மீது கோடிழுத்து அருகே 187 என்று எழுதினால், அது கொலைமிரட்டல். கோடிழுப்பது ஒன்றே சில வேளைகளில் உயிர்ப்பலிக்குக் காரணமாகியிருக்கிறது.

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட என்னைப் பெரிதும் ஈர்த்தவை, எழுத்தின் இறுதியில் நிற்கும் 'சி', 'எஸ்' என்னும் இரண்டெழுத்துகளே. 'கோன் சாஃபோஸ்' என்பதன் சுருக்கம் அது. நேருக்கு நேர் பெயர்த்தால் ஒன்றும் தேறாது. 'இதன்மேல் நீ எழுதும் இழிவு உன்னையே சேரும்' என்பது அதன் பயன். நம் கோயிற் கல்வெட்டுகளில், அறத்தை அழிப்பவன் கங்கைக்கரையிற் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று வரும் ஓம்படைக்கிளவியை நினைத்துக்கொண்டால் பொருள் பிடிபடும்.

எனினும், சுவரில் எழுதுவோர் அனைவரும் கும்பலைச் சார்ந்தவரல்லர். 1971-இல் நியூயார்க் நாளிதழ் ஒன்று, 'டாக்கி 183' என்று நகரெங்கும் எழுதிய இளைஞனைத் தேடிக் கண்டுபிடித்தது. அவன் கடிதங்களைக் கொண்டு சேர்க்கும் பணியாள். 183 அவன் குடியிருந்த தெருவின் எண். அவ்வெண்ணுக்கு அவ்வளவே பொருள். ஆயின், எண்ணைக் கண்டதும் கொலையை நினைக்கப் பழகிய கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

கும்பலினர் என ஐயுறப்பட்டோரின் பெயர்களைக் கலிபோர்னியக் காவல்துறையினர் பொதுப் பதிவேடு ஒன்றிற் சேர்த்து வந்தனர். பச்சை குத்தியிருத்தல், உடை, சின்னங்கள், கைச்சைகை முதலியனவும் அதற்குரிய அடையாளங்களாகக் கொள்ளப்பட்டன. 2016-இல் மாநிலத் தணிக்கையாளர் அதனை ஆராய்ந்தார். பதிவு செய்யப்பட்ட வேளையில் ஒரு வயதும் நிரம்பாதவர் என்று குறிக்கப்பட்டோர் 42 பேர் அதில் இருந்தனர்! அவர்களுள் 28 பேர், தாம் கும்பலைச் சேர்ந்தவரென்று தாமே ஒப்புக்கொண்டதாகவும் எழுதப்பட்டிருந்தது. 2020-இல், லாஸ் ஏஞ்சலஸ் நகரக் காவல்துறையினர் சேர்த்த பதிவுகளை எவரும் பயன்படுத்தலாகாதென்று மாநிலத் தலைமை வழக்குரைஞர் தடுத்துவிட்டார்.