விழுங்கக்கூடிய மருத்துவர்

சிவப்பணுக்களுக்கு நடுவே உலோகக் கால்களை விரித்துக்கொண்டு, கையில் ஊசியுடன் நிற்கும் குட்டி இயந்திர மனிதனின் படத்தைப் பெற்றோர்கள் பலரும் பார்த்திருப்பீர்கள். மாணவர்களின் அறிவியல் கண்காட்சிப் பலகைகளில் அது தவறாமல் இடம்பெறுகின்றது. தாத்தாவின் இதயக் குழாய் அடைப்புக்கு எந்த மருத்துவமனையில் அதனைச் செலுத்துவார்கள் என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டாள். எந்த மருத்துவமனையிலும் இல்லை என்பதே விடை. அப்படம் புகைப்படமன்று; கற்பனை ஓவியம். ஏன் இன்னும் ஓவியமாகவே இருக்கின்றது என்பதற்கு அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

1959 டிசம்பர் 29 அன்று, அமெரிக்காவின் பசடீனா நகரில், கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் ஓர் உரை நிகழ்த்தினார். பொருள்களை மிகமிகச் சிறியனவாகச் செய்வதை இயற்பியல் விதிகள் தடுக்கவில்லை என்பது அவ்வுரையின் சாரம். அதில் தம் நண்பர் ஆல்பர்ட் ஹிப்ஸ் சொன்ன யோசனை ஒன்றையும் குறிப்பிட்டார். நோயாளி அறுவை மருத்துவரையே விழுங்கிவிட வேண்டும். அக்குட்டி இயந்திர மருத்துவர் இரத்தக் குழாய் வழியே இதயத்துக்குள் சென்று, பழுதான வால்வைக் கண்டு சீர்செய்ய வேண்டும்!

உரையோடு அவர் நிற்கவில்லை. பக்கத்துக்கு 1/64 அங்குலம் கொண்ட கனசதுரத்துள் அடங்கும் மின்மோட்டாரை முதலில் செய்பவருக்கு 1,000 டாலர் பரிசு என்று அறிவித்தார். அஃதாவது, அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. புதிய தொழில்நுட்பம் ஏதேனும் பிறக்கும் என்பது அவர் எதிர்பார்ப்பு. பலர் பெரிய பெரிய மோட்டார்களைத் தூக்கிக்கொண்டு வந்தனராம். 1960 நவம்பரில் வில்லியம் மக்லெல்லன் என்ற பொறியாளர் ஒரு பெட்டியோடு வந்தார். திறந்தால் உள்ளே நுண்ணோக்கி! இவர் விளையாட வரவில்லை என்பது ஃபைன்மனுக்கு அப்போதே புரிந்துவிட்டது. 13 பாகங்கள், 250 மைக்ரோகிராம் எடை, மோட்டார் சுழன்றது. ஆனால் அதனை அவர் செய்தது கடிகாரம் பழுதுபார்ப்பவரின் கடைசல் இயந்திரம், நுண்ணோக்கி, பல்குத்தும் குச்சி போன்ற பழைய கருவிகளைக் கொண்டே. புதிய தொழில்நுட்பம் எதுவும் பிறக்கவில்லை. பரிசுத் தொகைக்கு முன்னேற்பாடு செய்யாதிருந்த ஃபைன்மன், தம் சொந்தப் பணத்தைக் கொடுத்தார். பொறுமை மிக்க கைகளுக்குக் கிடைத்த பரிசு என்று நான் இதனை மாணவர்களிடம் சொல்வதுண்டு.

அந்த மோட்டாரும் ஒரு சிவப்பணுவைப்போல் ஏறத்தாழ ஐம்பது மடங்கு அகலமுடையது. இன்னும் சிறிதாக்கினால் போதாதா? போதாது. காரணத்தை 1976-இல் ஹார்வர்டு பேராசிரியர் எட்வர்ட் பர்செல் ஓர் உரையில் விளக்கினார். அது அடுத்த ஆண்டு கட்டுரையாக வெளிவந்தது. நாம் நீந்தும்போது கைகளை நிறுத்தினாலும் உடல் சற்றுத் தூரம் முன்னே செல்லும். பாக்டீரியா நீந்துவதை நிறுத்தினால், ஓர் அணுவின் அகலத்தைக்கூடக் கடக்காமல் நின்றுவிடும். அதற்கு நீர், நமக்குத் தேன்பாகு போல.

பர்செல் காட்டிய உதாரணம் சிப்பி. கடலில் சில வகைச் சிப்பிகள் ஓட்டை மெல்லத் திறந்து, விரைந்து மூடி, நீரைப் பீய்ச்சி முன்னேறுகின்றன. அதே சிப்பி பாக்டீரியா அளவுக்குச் சுருங்கினால், மூடும்போது முன்னே சென்ற தொலைவு முழுவதையும் திறக்கும்போது பின்னே வந்துவிடும். வேகமாக மூடினாலும் பயனில்லை. ஆகவே வெறுமனே திறந்து மூடும் துடுப்போ, கீலில் அசையும் வாலோ உள்ள இயந்திரம் அங்கே நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். பாக்டீரியாவோ சுருள் வடிவக் கசையிழையைத் திருகாணிபோல் சுழற்றி நீந்துகின்றது. அது வளைந்தாடவில்லை, உண்மையிலேயே சுழல்கின்றது என்பது 1973-இல்தான் நிறுவப்பட்டது.

இதற்கிடையில் ‘விழுங்கும் மருத்துவர்’ வேறு வடிவில் வந்துவிட்டார். 26 மில்லிமீட்டர் நீளமுள்ள படக்கருவி மாத்திரைக்கு 2001-இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. அது சிறுகுடலைப் படம்பிடித்து அனுப்பும். ஆனால் கத்தியும் இல்லை, காலும் இல்லை. குடலின் அசைவே அதனைத் தள்ளிச் செல்கின்றது.

பாக்டீரியாவின் வழியை மனிதர் செய்துகாட்டியது 2009-இல். சூரிக்கிலும் ஹார்வர்டிலும் இரு குழுக்கள் காந்தத் தன்மையுடைய நுண்சுருள்களைச் செய்து, வெளியிலிருந்து சுழலும் காந்தப்புலத்தால் திருகி நீந்தச் செய்தன. உள்ளே மோட்டாரும் இல்லை, மின்கலமும் இல்லை. ஆனால் சூரிக் சுருளின் வேகம் நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. பெருந்தமனியில் இரத்தமோ நொடிக்குப் பல சென்டிமீட்டர் வேகத்தில் பாய்கின்றது. அந்த வெள்ளத்தை எதிர்த்து இச்சுருள் எப்படி நீந்தும்?

எனவே ஆய்வாளர்கள் ஓட்டமில்லாத இடங்களையும் நாடினர். 2018-இல் ஜெர்மனியின் மேக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள், பன்றியின் கண்ணுக்குள் நுண்சுருள்களைச் செலுத்தினர். கண்ணை நிரப்பியிருக்கும் கூழ்போன்ற பொருள் ஒட்டிக்கொள்ளாதிருக்க, அச்சுருள்களுக்கு வழுக்கும் பூச்சு ஒன்றைப் பூசினர். அந்த யோசனை, நம் மலேசியக் காடுகளிலும் வளரும் குடுவைத் தாவரத்தின் விளிம்பிலிருந்து வந்தது. பூச்சிகள் கால் வழுக்கி உள்ளே விழும் அதே விளிம்பு. சுருள்கள் கூழைக் கடந்து விழித்திரையைச் சென்றடைந்தன. அந்தக் கண் உயிருள்ள விலங்கின் உடலில் இருந்ததன்று. ஆய்வகத்தில் தனியே வைக்கப்பட்டிருந்தது.