இயன்முறை மருத்துவரின் உரையாடல் பயிற்சி

நோயாளி சொல்வதைப் பொறுமையாகக் கேட்கவும், செய்ய வேண்டிய பயிற்சியை அவருக்கு விளங்கும்படி சொல்லவும் இயன்முறை மருத்துவர்களைப் பழக்கும் கல்வி. பக்கவாதம், மூட்டுத் தேய்மானம் போன்றவற்றில் முன்னேற்றம் பெரிதும் நோயாளி வீட்டில் தானே செய்யும் பயிற்சியைப் பொறுத்தது. அதனால் இங்கே பேச்சும் சிகிச்சையின் ஒரு பகுதி.

தமிழ்நாடு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்த பகுதி அது. இத்திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுத் திண்ணைக்கே வருகிறார். இந்தப் பகுதியில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழிகள். வலியையும் மக்கள் ஒரே சொல்லால் சொல்வதில்லை: குடையுது, கடுக்குது, இழுக்குது, மரத்துப்போச்சு. ‘மரத்துப்போச்சு’ என்பது நரம்புப் பாதிப்பின் அறிகுறியாக இருக்கலாம். அதை வெறும் ‘வலி’ என்று குறித்துக்கொள்வது பெரும் பிழை.

பயிற்சியில் முதன்மையானது திருப்பிச் சொல்லவைத்தல். “புரிஞ்சுதா?” என்றால் மரியாதைக்காகவே பலரும் தலையாட்டுவார்கள். “நாளைக்குக் காலையில எப்படிச் செய்வீங்க, ஒருதடவ காட்டுங்கம்மா” என்று கேட்டால்தான் உண்மை தெரியும். நோயாளியாக நடிப்பவரை வைத்துப் பழகுவது, மூத்தவர் உடனிருந்து கவனித்துத் திருத்துவது ஆகியனவும் வழக்கில் உள்ளன. தரையில் உட்கார்ந்து சமைப்பவரிடம், களை எடுக்கப் போகிறவரிடம் “குனியாதீங்க” என்று மட்டும் சொல்வது பயன்படாது. எப்படிக் குனிவது என்று காட்ட வேண்டும். பராமரிக்கும் மகளையோ மருமகளையோ அருகில் அழைத்துக் கற்றுத்தருவதும் இப்பயிற்சியில் அடங்கும்.