மொஸ்கோ நுண்ணலையும் தீங்கின் அளவுகோலும்

நுண்ணலைகள் உடல்நலத்தைப் பாதிக்குமா என்னும் வினா இன்று கையடக்கத் தொலைபேசி, செய்மதி ஆகியவற்றையொட்டியே பெரிதும் எழுப்பப்படுகின்றது. ஆயின், அது முதன்முதலிற் கூர்மையடைந்த களம் ராடாரும் கெடுபிடி யுத்தமுமாகும்.

1953இல் ஹேர்மன் ஷ்வான் ஐக்கிய அமெரிக்கக் கடற்படைக்குச் சதுர சென்ரிமீற்றருக்கு 10 மில்லிவாற்று என்னும் எல்லையைப் பரிந்துரைத்தார். 1966இல் அதுவே தேசிய நியமமாயிற்று. சோவியத்து ஒன்றியம் 1950களின் பிற்பகுதியில் முழுநாள் வேலைக்கு விதித்த எல்லையோ 10 மைக்குரோவாற்று. இவ்வாயிரம் மடங்கு வேறுபாட்டை வெறும் அளவீட்டுப் பிழையெனத் தள்ளிவிட முடியாது. எது தீங்கு என்பதிலேயே கருத்து வேறுபட்டது. அமெரிக்கர் திசு சூடாவதையே தீங்கெனக் கொண்டனர்; சோவியத்து மருத்துவர் தொழிலாளரின் தலைவலி, களைப்பு, உறக்கமின்மை முதலியவற்றையுங் கணக்கிலெடுத்தனர். ராடாரை ஆக்குவோருக்கும் வாங்குவோருக்கும் முன்னைய வரையறை வசதியாயிருந்தமை வியப்பன்று. எனினும், சோவியத்து ஆய்வுகள் பலவற்றில் ஒப்பீட்டுக் குழுக்களும் அளவீட்டு விவரங்களும் போதியனவாக இருக்கவில்லை. முற்போக்காளர் சிலர் இதனை ஒப்புக்கொள்ளத் தயங்குவர்.

மொஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தை நோக்கி 1950கள் தொட்டு நுண்ணலைக் கற்றையொன்று செலுத்தப்பட்டு வந்தது. 1975–76இல் அதன் உச்சச் செறிவு ஏறத்தாழ 18 மைக்குரோவாற்றை எட்டிற்று. அமெரிக்க நியமப்படி அது அற்பம்; சோவியத்து நியமப்படி மிகை. உடல்நலத்தின் பெயரால் வாஷிங்ரன் முறையிடுவதாயின் தன் நியமத்தையே மறுதலிக்க வேண்டும். மொஸ்கோவோ தன் தொழிலாளருக்கு ஆகாதென விலக்கியதை அயலார்மீது செலுத்திற்று. இடையில் அகப்பட்டோர் தூதரக ஊழியரும் அவர்தம் குடும்பத்தினருமே. 1960களில் வைரசு ஆய்வு என்னும் போர்வையில் அவர்களது இரத்தம் பரிசோதிக்கப்பட்டது. உண்மை 1976இலேயே அவர்களுக்கு அறிவிக்கப்பட்டது.

ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஆபிரகாம் லிலியன்பெல்ட், மொஸ்கோ ஊழியர் ஏறக்குறைய 1,800 பேரை ஏனைய கிழக்கு ஐரோப்பியத் தூதரகங்களில் பணியாற்றிய ஏறக்குறைய 2,500 பேருடன் ஒப்பிட்டார். கற்றையினால் விளைந்த தீங்கெனக் கொள்ளத்தக்க சான்று எதனையும் 1978இல் வெளியான அவ்வறிக்கை காணவில்லை. பிற்பட்ட காலங்களில் மிகுந்த செறிவுக்குள்ளானோரைப் பொறுத்தவரை காலம் போதாது என்பதையும் அது மறைக்கவில்லை.

2011இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வானொலி அலைவரிசைக் கதிர்வீச்சைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடுமென்னும் வகையிற் சேர்த்தது. அதற்குக் கொள்ளப்பட்ட சான்று வரம்புடையதே. உலக சுகாதார தாபனத்தின் வேண்டுகோளில் நிகழ்ந்து 2024இல் வெளியான மீளாய்வு, கையடக்கத் தொலைபேசிப் பாவனைக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணவில்லை. இருபதினாயிரம் கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள வழிகாட்டற் செய்மதிகளிலிருந்து கருவியொன்று பெறும் சமிக்ஞையோ ஒரு வாற்றின் இலட்சங் கோடியில் ஒரு பங்கிலுங் குறைவு. காதோடு அணைத்த தொலைபேசியிலிருந்து உடல் ஏற்பது அதனினும் பன்மடங்கு மிகையாதலால், ஆய்வாளரின் கவனம் அங்கேயே குவிந்தது.