கயிற்றில் தொங்கிய துறவு

கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரிலிருந்து வைகறையில் தனி வண்டியில் புறப்படுவோர், ஏறத்தாழ 350 கிலோமீட்டர் கடந்து நண்பகலில் மெட்டியோராப் பாறைகளை அடைவர். ‘அந்தரத்தில் தொங்குபவை’ என்பது அப்பெயரின் பொருள்.

11ஆம் நூற்றாண்டளவிலேயே ஏகாந்தவாசிகள் அங்குள்ள குகைகளில் தங்கினர். 14ஆம் நூற்றாண்டில், ஆதோஸ் மலையினின்று வந்த அத்தனாசியுஸ் பெரிய மெட்டியோரா மடத்தை நிறுவினார். போரும் கொள்ளையும் மலிந்த அக்காலத்தில் செங்குத்துப் பாறையே துறவியருக்கு அரணாயிற்று. காலப்போக்கில் 24 மடங்கள் எழுந்தன. இன்று ஆறில் மட்டுமே வழிபாடும் துறவு வாழ்வும் தொடர்கின்றன. அவற்றுள் இரண்டு பெண் துறவியருக்குரியவை.

மேலேறுவதற்கு ஏணிகளும், கயிறு கட்டி இழுக்கப்பட்ட வலைகளுமே இருந்தன. உணவும் மனிதரும் அவ்வாறே ஏறினர். பாறையில் படிகள் செதுக்கப்பட்டது 1920களில்தான்.

உலகை வெறுத்து ஓடியவர்கள் என்று இத்துறவியரை நாம் எளிதில் குறை கூறிவிடுகிறோம். ஆயினும் அவ்வலையில் ஏறிய தானியம் கீழே நிலத்தை உழுதவரின் உழைப்பன்றோ? உலகைத் துறந்தவர்களாலும் கயிற்றைத் துறக்க இயலவில்லை. பிரசங்க பீடத்தில் ஏறி நிற்கும் நாமும், கீழிருந்து நம்மைத் தாங்குவோர் யாவர் என்பதை மறத்தலாகாது.