ஊசுட்டேரியும் வேடந்தாங்கற் கவுலும்

தோற்றுவாய்

புதுச்சேரி நகருக்கு மேற்கே ஏறத்தாழ 10 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது ஊசுட்டேரி. ஊசுடு ஏரி எனவும் இதனை வழங்குவர். புதுச்சேரிப் பகுதியிலுள்ள 84 ஏரிகளுள் பரப்பாற் பெரியது இதுவே; இதற்கடுத்து வைத்தெண்ணப்படுவது பாகூர் ஏரி. உழவின் பொருட்டு அமைந்த ஏரியொன்று புள்ளினத்தின் புகலிடமாகவும் விளங்கி, அப்புள்ளினத்திற்காக மக்கள் அரசினரை வேண்டி நிற்கும் நிலை எய்தியது. இவ்வரலாற்றை, இதற்கு மிக முந்தியதாகிய வேடந்தாங்கல் வரலாற்றோடு ஒப்பவைத்து ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நீர்நிலை குறித்து ஆள்வோர்க்கு எடுத்துரைத்தல் தமிழகத்திற்குப் புதிதன்று. புறநானூற்றின் 18-ஆம் பாட்டில் குடபுலவியனார், பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி, நீரைத் தேக்கி நாட்டை வளம்படுத்துமாறு அறிவுறுத்துகின்றார். ஆண்டு எடுத்துரைப்பவர் புலவர் ஒருவர். செய்ய வேண்டியவன் வேந்தன். மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் செயலும் தனியொரு தலைவனது அருளின்பாற்பட்டதே. ஊரார் ஒருங்கு திரண்டு, புள்ளினத்தைக் காக்கும் உரிமையை எழுத்து வடிவிற் கேட்டுப் பெறுதல் பிற்காலத்து நிகழ்ச்சியாகும்.

வேடந்தாங்கற் கவுல்

செங்கற்பட்டு மாவட்டத்திலுள்ள வேடந்தாங்கல் ஏரியில் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் படைவீரர் பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். அதனைப் பொறாத ஊரார் ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, வேட்டையைத் தடுக்கும் உரிமையளிக்கும் கவுல் ஒன்றைப் பெற்றனர். கவுல் என்பது அந்நாளில் அரசினர் குடிகளுக்கு எழுதிக்கொடுத்த உறுதிச் சீட்டாகும். இது 1798-இல் அளிக்கப்பெற்றதெனப் பொதுவாகக் குறிக்கப்பெறுகின்றது. 1858-இல் இவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பெற்றது. 'பத்மாவதி சரித்திரம்' இயற்றிய அ. மாதவையாவின் மைந்தரும் இயற்கை ஆய்வாளருமாகிய மா. கிருஷ்ணன் இவ்வேரியைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார்.

ஊரார் இங்ஙனம் முனைந்தமைக்கு அருள் ஒன்றே காரணமன்று. நீர்க்கடம்ப மரங்களில் கூடு கட்டும் பறவைகளின் எச்சம் ஏரி நீரிற் கலத்தலால், அந்நீர் பாயும் வயல்கள் உரம் பெறுகின்றன என்பதை அவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். எனவே பறவையைக் காத்தல் பயிரைக் காத்தலாகவும் அமைந்தது. இதனின்று நாம் கொள்ளத்தக்கவை இரண்டு. ஒன்று, காக்கும் கடமையும் அதனால் வரும் பயனும் ஒரே ஊராரிடத்து இருந்தமை. மற்றொன்று, உரிமை ஆவணம் அவ்வூரார்க்கே அளிக்கப்பெற்றமை.

ஊசுட்டேரியின் எல்லை

ஊசுட்டேரியின் நிலை வேறு. ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்புடைய இவ்வேரியில் 390 ஹெக்டேரளவு புதுச்சேரியைச் சார்ந்தது. எஞ்சியது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தைச் சார்ந்தது. இப்பிரிவு இயற்கையால் அமைந்ததன்று. 1816-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடம் திரும்ப ஒப்படைத்தபோது, பிரெஞ்சு ஊர்களும் ஆங்கிலேயர் ஊர்களும் ஒன்றோடொன்று விரவிக் கிடந்தன. 1954 நவம்பர் 1-ஆம் நாள் ஆட்சி கைம்மாறியது. 1962 ஆகஸ்டு 16-ஆம் நாள் அம்மாற்றம் சட்டப்படி நிறைவெய்தியது. பிரெஞ்சு ஆட்சி அகன்றது, எல்லைக்கோடு அகன்றிலது. அயலார் இருவர் வகுத்த அக்கோடே ஒன்றியப் பகுதிக்கும் மாநிலத்திற்கும் இடைப்பட்ட எல்லையாக ஏரியின் குறுக்கே நிலைத்துவிட்டது.

குளிர்காலத்தில் நாமக்கோழிகளும் ஊசிவால் வாத்துகளும் இவ்வேரியை நாடி வருகின்றன, பூநாரைகளும் காணப்பெறுகின்றன. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தார் ஏரியின் நீரையும் உயிரினங்களையும் ஆராய்ந்தனர். பறவை ஆர்வலர் பறவைகளைக் கணக்கிட்டும், வேட்டை, ஆக்கிரமிப்பு, கழிவு ஆகியவற்றால் வரும் கேட்டினை எடுத்துக்காட்டியும், ஏரிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டுமென வற்புறுத்தி வந்தனர். வேடந்தாங்கலில் மரபறிவு செய்த பணியை ஈண்டுக் கணக்கெடுப்பும் ஆய்வும் செய்தன எனலாம்.

1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் வழி, 2008-இல் புதுச்சேரி அரசு தன் பகுதியைப் பறவைகள் காப்பிடமாக அறிவித்தது. தமிழ்நாட்டுப் பகுதி காப்பிடமாக அறிவிக்கப்பெற்றது 2015-இல். இடைப்பட்ட ஏழாண்டுகளில் ஒரே ஏரியின் ஒரு பாதி காப்பிடமாகவும் மறுபாதி வெறும் நீர்நிலையாகவும் இருந்தன. பறவையோ அக்கோட்டை அறியாது. எல்லை கடக்கும் பறவைகளின் பொருட்டு அமெரிக்க ஐக்கிய நாடும், கனடாவின் சார்பில் பிரிட்டனும் 1916-இலேயே உடன்படிக்கை செய்துகொண்டன. இரு நாடுகள் அன்று ஒருங்கே செய்ததனை, ஒரே நாட்டின் இரு நிர்வாகங்கள் ஓர் ஏரியில் வெவ்வேறு காலத்திற் செய்தன என்பது எண்ணிப் பார்த்தற்குரியது.

முடிபு

அறிவிப்பு வந்தமையால் மக்கள் முயற்சி முற்றுப்பெற்றதெனக் கொள்ளலாமோ எனின், கொள்ளலாகாது. வேடந்தாங்கலிற் காப்பிடத்தின் எல்லை ஏரியைச் சூழ 5 கி.மீ. என 1998-இல் வரையறுக்கப்பெற்றது. அதனை 3 கி.மீ. ஆகச் சுருக்கும் கருத்துரு 2020-இல் எழுந்தபோது மக்களிடையே பெரும் எதிர்ப்புத் தோன்றியது. 1858-இற் போலவே, பெற்ற உரிமையை மீண்டும் வலியுறுத்த வேண்டிய நிலை நேர்ந்தது. ஒரு தலைமுறை பெற்ற ஆவணத்தை அடுத்த தலைமுறை கேட்டுப் புதுப்பித்துக்கொண்டாலன்றி அது நிலைபெறாது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.

ஊசுட்டேரியைப் பொறுத்தவரை மற்றுமொரு குறையும் உண்டு. கவுல் ஊராரை நோக்கி எழுதப்பெற்றது; காப்பிட அறிவிப்போ அரசிதழில் வெளிவந்து அலுவலகத்தில் உறைவது. ஏரியில் மீன்பிடித்தும் அதன் நீரால் பயிரிட்டும் வாழ்வோர்க்கு அவ்வறிவிப்பு ஒரு தடையாக மட்டும் தோன்றுமாயின், அதனைப் புதுப்பிக்குமாறு கேட்க நாளை எவரும் முன்வாரார். ஆதலின், இரு பகுதி ஊராரையும் காக்கும் பொறுப்பிலும் அதன் பயனிலும் பங்குடையோராக்குதலே இனிச் செய்யத்தக்கது எனக் கருதுகின்றோம். அதற்கு வழிகாட்டுவது வேடந்தாங்கலின் பழைய சீட்டேயாகும்.