உலோகத் தகட்டில் ஓவியம்

ஒரே திசையில் தேய்த்து மெருகூட்டிய அலுமினியத் தகட்டின்மீது, ஒரு வட்டமும் இரண்டொரு கோடுகளும் மட்டுமே கொண்ட அருவ ஓவியங்களின் படிகள் இன்று கடைகளில் விற்கப்படுகின்றன. இவை கலையா, சரக்கா என்று முகஞ்சுளிப்போர் உளர். அவ்வினா புதிதன்று.

ஜெர்மனியின் வைமார் நகரில் இயங்கிய பௌஹௌஸ் கலைப்பள்ளிக்கு 1923-ஆம் ஆண்டில் ஆசிரியராக வந்து சேர்ந்தார், ஹங்கேரி நாட்டினரான லாஸ்லோ மொஹோலி-நாகி. முப்பது அகவையும் நிரம்பாத இவ்விளைஞர், தூரிகையை விடுத்து, விளம்பரப் பலகை செய்யும் தொழிற்சாலை ஒன்றை நாடினார். எனாமல் பூசிய எஃகுத் தகடுகளில் ஓவியம் செய்துதருமாறு பணித்தார். வெண்பரப்பு, அதன்மேல் கரிய நெடும்பட்டை, சிவப்பும் மஞ்சளுமான சில கோடுகள். அவ்வளவே. ஒரே அமைப்பை மூன்று அளவுகளில் செய்வித்தார். பெரியது ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் உயரம். அடுத்தது அதில் பாதி. சிறியது 24 சென்டிமீட்டர். 1924-இல் பெர்லினில் இவை காட்சிக்கு வைக்கப்பட்டன.

கட்டமிட்ட தாளையும் வண்ண அட்டையையும் முன்வைத்துக்கொண்டு, தொலைபேசி வாயிலாகவே இவற்றைச் செய்வித்ததாகப் பிற்காலத்தில் அவர் எழுதினார். அவருடைய முதல் மனைவியான லூசியா மொஹோலி இதனை மறுத்தார். நேரிற் சென்றே பணித்தார் என்பதும், தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாமே எனப் பின்னர் மகிழ்ந்து கூறினார் என்பதும் அவ்வம்மையார் கூற்று. நான் லூசியாவையே நம்புகிறேன். கதை வளர்வது எப்போதும் பின்னால்தான். எனினும் எய்த அம்பு இலக்கைத் தைத்துவிட்டது. கலைஞனின் கை படாமல் பிறந்த மூன்றனுள் மூலம் எது, படி எது?

அலுமினியப் படிகளின் கதை வேறு. 1886-இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே கண்ட மின்பகுப்பு முறையால்தான் அருமையாயிருந்த இவ்வுலோகம் மலிந்தது. இன்றைய முறை ஒன்றில், தாளில் அச்சிட்ட சாயத்தை ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில் தகட்டோடு சேர்த்து அழுத்துவர். சாயம் ஆவியாகித் தகட்டின் மேற்பூச்சினுள் புகுந்து உறைகிறது. வெள்ளைச் சாயம் இம்முறையில் இல்லை. வெண்மை வேண்டுமிடத்தில், மேற்பூச்சு தெளிவானதாயின், உலோகமே வெளித்தோன்றும்.

இங்கேதான் இடர் நேர்கிறது. ருஷ்ய ஓவியர் மாலேவிச் 1918-இல் வெள்ளைத் தரைமேல் சாய்ந்த வெண்சதுரம் ஒன்றைத் தீட்டினார். இரு வெண்மைகளுக்கும் இடையிலுள்ள சிறு வேறுபாடும், தூரிகையின் தடமுமே அவ்வோவியத்தின் உயிர். தேய்த்த அலுமினியத்தில் அதனைப் படியெடுத்தால் வெண்மை வெள்ளியாகும். தூரிகைத் தடம் இருந்தவிடத்தில் இயந்திரத்தின் கீறல் நிற்கும். மொஹோலி-நாகியின் தகடுகளுக்கோ இத்தகைய இழப்பு மிகக் குறைவு. அவை முதலிலேயே தொழிற்சாலையில் பிறந்தவை அல்லவா? அவற்றுள் சிறிய இரண்டும் இப்போது நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் உள்ளன. மாலேவிச்சின் வெண்சதுரமும் அக்கூடத்திலேயே இருக்கிறது.