தவத்தின் பின்கட்டு

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு பாறையின் முன்னால் எந்நேரமும் கூட்டம்தான். ஏழாம் நூற்றாண்டில் பல்லவச் சிற்பிகள் செதுக்கியது. நீளம் ஏறத்தாழ 30 மீட்டர். ஒற்றைக் காலில், கைகளை உயரத் தூக்கி, விலா எலும்பு தெரிய ஒரு மனிதன் நிற்கிறான். அவனை அர்ச்சுனன் என்பாரும் உண்டு, பகீரதன் என்பாரும் உண்டு. கீழே யானைகளின் பக்கத்தில் அதே மாதிரி கைதூக்கித் தவம் செய்யும் ஒரு பூனை, அதைச் சுற்றி எலிகள். வருகிறவர்கள் எல்லோரும் பூனையைத்தான் போனில் படம் எடுக்கிறார்கள்.

சற்றுத் தள்ளிக் கிருஷ்ண மண்டபம். கண்ணன் கோவர்த்தன மலையைத் தூக்கி நிற்கிறான். மலைக்குக் கீழே ஆயர்பாடி தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒருவன் பால் கறக்கிறான். பசு கன்றை நக்குகிறது. ஒருத்தி தலையில் பானைகளைச் சுமந்து நிற்கிறாள். மலையே பெயர்ந்த நாளிலும் அவளுக்கு வேலை ஓயவில்லை.

சேர்த்துப் பார்க்கச் சொல்லி இவற்றை யாரும் செதுக்கவில்லை. எனக்குத்தான் இப்போதெல்லாம் சேர்ந்தே கண்ணில் படுகின்றன: உலகை விட்டு விலகி நிற்கும் ஆண், விலக முடியாமல் பானை சுமக்கும் பெண்.

காரணம் சொல்கிறேன். எழுத்து ஓடாத ஒரு மாதத்தில், திரையை அணைத்துவிட்டுக் கடற்கரையில் சும்மா இருந்தால் மனம் தெளியும் என்று பலரும் சொன்னதைக் கேட்டு, இரண்டு நாள் போனை அணைத்து வைத்துவிட்டு இந்தக் கரைக்கு வந்தேன். திரும்பிப்போய் அதை உயிர்ப்பித்தபோது வரிசையாக வந்து விழுந்தன: பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் மறுநாள் கொண்டுவர வேண்டிய சார்ட் பேப்பர், காஸ் சிலிண்டர் டெலிவரிக்கான எண், அம்மாவின் மாத்திரை தீர்ந்துவிட்டதென்று அண்ணியின் மூன்று அழைப்புகள். என் கணவரின் போன் அந்த இரண்டு நாளும் அணைக்கப்படவே இல்லை. இவற்றில் ஒன்றுகூட அதற்குப் போகவில்லை.

அப்போதுதான் கேள்வி எழுந்தது. படைப்பதற்காக விலகிப் போவது என்ற வழக்கம் இந்தக் கரையில் எப்படி நடந்திருக்கிறது? அதற்கான செலவை யார் கொடுத்தார்கள்?

*

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்று ஓய்வு விடுதிகள் விற்கும் அமைதியை, அறுபது ஆண்டுகளுக்கு முன்பே ஓவியர்கள் தேடி வந்தார்கள். சென்னை அரசு கலை, கைவினைப் பள்ளியின் முதல்வராக 1957 முதல் 1967 வரை இருந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். திறமையான மாணவர்கள் படித்து முடித்ததும் பிழைப்புக்காக வேறு வேலைகளில் கரைந்து, வரைவதையே விட்டுவிடுவது அவரை உறுத்தியது. அந்தக் காலத்துச் சென்னையில் தூரிகை பிடிக்கத் தெரிந்தவரைத் தேடி வந்தவை விளம்பரமும் பத்திரிகையும் சினிமாவும்தான். அன்றைய ஊடகமும் திரையும் அவையே.

பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கினார்கள். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. ஈஞ்சம்பாக்கம் அப்போது செங்கல்பட்டு மாவட்டம். சென்னை மாநகராட்சிக்குள் வந்தது 2011-இல்தான். அரசோ புரவலரோ கட்டிக்கொடுத்த ஊர் அல்ல இது. கலைஞர்கள் தாங்களே நிலம் வாங்கி, வீடு கட்டி, தாங்களே நடத்திய ஊர். இன்றுவரை தாக்குப்பிடித்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? அவர்களின் ஓவியத்துக்கு அன்று போதிய சந்தை இல்லை. பணம் வந்தது பாத்திக் துணியிலிருந்து. ஊர் அமைவதற்கு முன்பே ஓவியர்கள் ஒரு கைவினைச் சங்கம் தொடங்கியிருந்தார்கள். பாத்திக், தோல் வேலை, உலோக வேலை எனச் செய்து விற்றார்கள். ஒரு நாளில் சில மணி நேரம் கைவினை, மீதி நேரம் தன் கலை. கைவினை வயிற்றுக்கு, கலை தனக்கு. அந்த ஊரின் பொருளாதாரம் இவ்வளவுதான்.

*

பாத்திக் செய்கிற விதத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் பொறுமை தெரியும். மெழுகை உருக்கித் துணியில் கோலம் இடவேண்டும். சாயத்தில் முக்கினால் மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. காயவைத்து, மறுபடி மெழுகிட்டு, அடுத்த சாயம். கடைசியில் சுடுநீரில் மெழுகை உருக்கி எடுத்தால், அது விரிசல் விட்ட இடமெல்லாம் மெல்லிய கோடுகளாகத் தெரியும். உருக்குவது, முக்குவது, அலசுவது, காயப்போடுவது. இவை எந்த வீட்டுக் கொல்லைப்புறத்துக்கும் தெரிந்த வேலைகள்.

ஜாவாவில் செப்பு மூக்கு வைத்த சிறு கருவியால் மெழுகிட்டுக் கையால் வரையும் பாத்திக், பரம்பரையாகப் பெண்களின் வேலை. வங்கத்தில் சாந்திநிகேதன் வழியாக அதைப் பரப்பியவர்களில் பிரதிமா தேவி முக்கியமானவர். கலைப் பள்ளிகளின் படிவரிசையில் ஓவியமும் சிற்பமும் மேலே. துணி, சாயம், தையல் எல்லாம் கீழே. கீழே இருப்பது பெரும்பாலும் பெண்கை பட்டது என்பதும், பெண்கை பட்டதாலேயே அது கீழே வைக்கப்பட்டது என்பதும் பெண்ணியக் கலை வரலாற்றாளர்கள் உலகமெங்கும் சொல்லிவரும் செய்தி.

சோழமண்டலத்தில் அந்தக் கீழ்ப்படிதான் மேல்படியைத் தாங்கியது. சென்னைக் கலை இயக்கம் என்று இன்று அருங்காட்சியகங்கள் கொண்டாடும் ஓவியங்களுக்கு வேண்டிய தனிமையையும் நேரத்தையும் நிலத்தையும் வாங்கித் தந்தது, 'பெண்பிள்ளை வேலை' என்று பள்ளி ஒதுக்கக்கூடிய ஒரு தொழில். ஓவியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தங்கள் கையாலேயே மெழுகுருக்கிச் சம்பாதித்தார்கள். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் விலகலுக்கு ஒரு விலை உண்டு, அதை யாராவது கொடுத்தாக வேண்டும் என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் இடம் வேறில்லை. ஒரு பெண் புனைகதை எழுத வேண்டுமானால் பணமும் தனக்கென ஓர் அறையும் வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929-இல் எழுதினார். ஈஞ்சம்பாக்கத்து மணலில் முதலில் பணம் வந்தது, பிறகு அறை வந்தது. வந்து குடியேறியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

பெண்களும் இருந்தார்கள். பம்பாயிலிருந்து படிக்க வந்த அர்னவாஸ் சோழமண்டலத்தில் வாழ்ந்து வரைந்தார், பாத்திக்கும் செய்தார். 1988-இல் காலமானார். பணிக்கரின் பள்ளியில் படித்த இன்னொருவர், கேரளத்தின் பொன்னானிப் பக்கத்திலிருந்து வந்த டி. கே. பத்மினி. 1940-இல் பிறந்தவர். படிப்பு முடிந்த சில ஆண்டுகளிலேயே பெண்ணுடலை அச்சமின்றி வரைந்த ஓவியங்களால் பெயர் பெற்றார். 1968-இல் திருமணம்; 1969-இல் பிரசவத்தில் இறந்துபோனார். அவருடைய வகுப்புத் தோழர்களுக்குப் படைப்புக் காலம் நாற்பது ஐம்பது ஆண்டு. அவருக்கு வாய்த்தது பத்துக்கும் குறைவு. விலகல், ஓய்வு, தேக்கம், மீட்சி என்று கலைஞரின் வாழ்வை நாம் வரையும் கோட்டில் பிரசவ அறைக்கு இடமே இல்லை.

*

இன்னொரு கோணமும் உண்டு. பெண்களுக்கு ஊடகம் எப்போது கிடைத்தது, அதிலிருந்து விலகச் சொல்ல?

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் காஞ்சிபுரத்துக்கு அருகே இருக்கிறது நீர்வளூர். 1901-இல் அங்கே பிறந்த வை. மு. கோதைநாயகி அம்மாளுக்குக் குழந்தைப் பருவத்திலேயே திருமணம் ஆனது. பள்ளிக்கூடம் போகவில்லை. எழுதப் பழகாத காலத்தில், முதல் படைப்பான 'இந்திர மோகனா' நாடகத்தைத் தான் சொல்லத் தோழி ஒருவரை எழுதவைத்தார். பிறகு 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழைப் பல்லாண்டுகள் நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். திருமணமான பெண் தெருவில் இறங்கிப் பேசுவதே அதிசயமான காலத்தில், அச்சு அவருக்கு வாசலாக இருந்தது.

கைப்பேசியும் இன்று பல பெண்களுக்கு அப்படித்தான். இரவு பத்தரைக்கு அடுப்படி துடைத்த பிறகு அதில் கவிதை தட்டச்சு செய்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் போய்த் திரையிலிருந்து விலகுங்கள், படைப்பூக்கம் பெருகும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது, கோதைநாயகியிடம் போய் அச்சகத்தின் இரைச்சல் மனதைக் கெடுக்கும் என்று சொல்வது போல. ஒரே கருவியில் அவளுடைய வாசலும் இருக்கிறது, அவளைக் கட்டிப்போடும் கயிறும் இருக்கிறது. அணைத்தால் இரண்டும் சேர்ந்து அணைகின்றன.

அப்படியானால் பெண்ணுக்கு விலகலே வேண்டாமா? வேண்டும். எதிலிருந்து என்பதுதான் கேள்வி.

*

இந்தக் கரையின் வடகோடியில், சென்னை எலியட்ஸ் கடற்கரையில் வாழ்ந்த ஒருவரிடம் அதற்கு ஒரு விடை இருக்கிறது. சந்திரலேகா 1928-இல் மராத்திய மண்ணில் பிறந்து, காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் கற்றவர். 1952-இல் அவருடைய அரங்கேற்றம், ராயலசீமை வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்ட நடந்தது. யமுனையின் நீர்விளையாட்டை அபிநயித்துக்கொண்டிருந்தபோது, தண்ணீரில்லாமல் வெடித்த நிலமும் மக்களும் கண்ணில் வந்து நிற்க, உள்ளுக்குள் உறைந்துபோனதைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1970-களின் தொடக்கத்தில் புகழோடு இருந்தபோதே மேடையை விட்டு விலகினார். பத்தாண்டுகளுக்கு மேல் ஆடவில்லை. சும்மாவும் இருக்கவில்லை. சுவரொட்டிகள் வரைந்தார், எழுதினார், பெண்கள் இயக்கத்தோடும் சமூக அமைப்புகளோடும் வேலை செய்தார். 1982-இல் அவர்மீது தேசத்துரோக வழக்குகூடப் பாய்ந்தது. 1985-இல் 'அங்கிகா'வோடு அவர் முழுமையாகத் திரும்பியபோது பரதம், களரி, யோகம் மூன்றும் ஒரே உடலில் பேசின. நாயகனுக்காகக் காத்திருக்கும் நாயகியும், சபையைப் பார்த்து நாணும் கண்ணும் அந்த மேடையில் இல்லை. முதுகெலும்பு இருந்தது. 2006-இல் இறக்கும்வரை அவர் அந்த முதுகெலும்பைத்தான் நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

அவர் விலகியது பார்ப்பதிலிருந்து அல்ல, பார்க்கப்படுவதிலிருந்து. தமிழில் இதற்கு மிகப் பழைய ஒரு முன்னோடி உண்டு. இந்தச் செங்கல்பட்டுச் சீமையின் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் அவர் கதையைச் சொல்லியிருக்கிறார். காரைக்கால் அம்மையார், கணவனுக்காகத் தாங்கிய அழகுடல் இனி வேண்டாம் என்று பேயுருவம் கேட்டு வாங்கியவர். பார்ப்பவர் கண்ணிலிருந்து உடலை விடுவித்த பிறகுதான் அந்த வரலாற்றில் அவர் பாடத் தொடங்குகிறார். பக்தியைச் சற்று ஒதுக்கிவைத்துப் படித்தாலும் கதையின் கூர்மை குறைவதில்லை.

பல ஆண்களுக்குத் திரையிலிருந்து ஓய்வு என்றால் பார்ப்பதை நிறுத்துவது. நமக்கு அது போதாது. பார்க்கப்படுவதும் கூப்பிட்ட குரலுக்கு இருப்பதும் நிற்க வேண்டும். போட்டோவுக்கு விருப்பக்குறி வந்ததா என்ற படபடப்பும், குக்கர் விசிலுக்கு ஓடும் காலும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. எப்போதும் பிறர் பார்வைக்குள், பிறர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்று பழக்கப்பட்ட உடல் இது.

*

2019-இல் எடுக்கப்பட்ட தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளுக்குச் சராசரி 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். நடுவே 202 நிமிட இடைவெளி. சோழமண்டலத்து ஓவியர்கள் மெழுகு உருக்கிச் சம்பாதித்ததும் இப்படியான சில மணி நேரத்தைத்தான். நம்மிடமும் அந்த நேரம் இருக்கிறது, வேறொருவர் கணக்கில்.

அந்த ஊரிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் கடற்காற்றை அல்ல, கணக்கை. தனியாக ஓடிப்போனவர்கள் அல்ல அவர்கள், சங்கம் வைத்தார்கள். செலவை எழுதினார்கள், பங்கு பிரித்தார்கள், பிறகுதான் விலகினார்கள்.

அடுத்த முறை இந்தக் கரைக்கு வந்தபோது நான் போனை அணைக்கவில்லை. வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். பள்ளிக் குழு, காஸ் எண், அம்மாவின் மாத்திரைப் பட்டியல், எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. வாங்கிய கை கொஞ்சம் தயங்கியது. நான்கு நாளில் பதினோரு பக்கம் எழுதினேன். கிளம்பும் முன் கிருஷ்ண மண்டபத்துக்குப் போனேன். அவள் இன்னும் பானைகளைச் சுமந்துகொண்டுதான் நின்றாள். பக்கத்தில் பால் கறப்பவன் கறந்து முடித்ததும் எழுந்து அவற்றை வாங்கிக்கொள்ளலாம். அவனுக்கும் இரண்டு கை இருக்கிறது.